யாரிடம் வாங்கினான்? முத்துக்குளித்துறையில் ஓர் உவமையை வாசித்தல்

(தூத்துக்குடியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை இங்கே விட்டிருக்கிறேன்.)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வேதமும் இன்றைய சமூகமும்’. அழைப்பிதழில் பார்த்ததும் கொஞ்சம் பயந்துவிட்டேன். நான் இறையியல் படித்தவன் இல்லை. தமிழ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்செய்தி கேட்டு வளர்ந்தவன், அவ்வளவுதான். அதனால் வேதம் முழுவதையும் தொடப்போவதில்லை. மத்தேயு எழுதிய நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இரண்டே இரண்டு வசனத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு வசனத்துக்கு ஒரு மணி நேரமா என்று கேட்காதீர்கள். செய்யுள் நடத்துகிறவனுக்கு இரண்டு அடி கிடைத்தால் ஒரு வாரம் ஓடும்.

1. இரண்டு வசனம், ஒரு கேள்வி

முத்து உவமை உங்களுக்குத் தெரியும். விண்ணரசு எப்படிப்பட்டது என்று இயேசு சொல்லிக்கொண்டு வருகிறார். நல்ல முத்துகளைத் தேடி அலையும் ஒரு வணிகன். மிக உயர்ந்த முத்து ஒன்றைக் காண்கிறான். போய்த் தனக்குள்ளதையெல்லாம் விற்று அதை வாங்கிக்கொள்கிறான். கதை முடிந்தது.

இதற்கு இரண்டு வகையில் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். முத்துதான் விண்ணரசு, அதற்காக நாம் எல்லாவற்றையும் விடவேண்டும் என்பது ஒன்று. கடவுள்தான் வணிகர், நாம்தான் முத்து, நமக்காக அவர் தமக்குள்ளதையெல்லாம் கொடுத்தார் என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல பிரசங்கங்களே. அறுபது வருடம் இவற்றைக் கேட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் எழுந்ததில்லை.

சந்தேகத்தைக் கிளப்பியவர் திரேஸ்புரத்துச் சங்குகுளிகாரர் ஒருவர். சில வருடங்களுக்கு முன்பு, கச்சான் காற்று தூக்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. சங்கு குளிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகப் போயிருந்தேன். அவர் காற்றுக்குழாயின் கீறலுக்கு ரப்பர் நாடா சுற்றிக்கொண்டே பேசினார். நடுவில் கேட்டார்:

“அண்ணாச்சி, பைபிள்ல சங்கு வருதா?”

“சங்கு வந்த ஞாபகம் இல்ல. முத்து வருது” என்று உவமையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுற்றுவதை நிறுத்தாமலே, “சரி, அந்த ஆளு யார்ட்ட வாங்குனான்?” என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வேதாகமத்தை விரித்துப் பார்த்தேன். பதில் அங்கேயும் இல்லை. கண்டான், விற்றான், வாங்கினான். விற்றவன் பெயர் இல்லை. விற்றவனுக்கு எடுத்துக் கொடுத்தவன் நிழல்கூட இல்லை.

சந்தை தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. சங்கை எடுத்து விற்கிறவனுக்கு வாங்குகிறவன் முகம் தெரியும். விலை சொல்லும்போது அந்த முகம் எப்படி மாறும் என்பதும் தெரியும். நானோ வணிகன் தோளில் ஏறி உட்கார்ந்தே இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன்.

பிறகு அந்த அதிகாரம் முழுவதையும் உழைக்கிறவன் எங்கே என்று தேடி வாசித்தேன். விதைக்கிறவன் இருக்கிறான். மாவைப் புளிக்கவைக்கும் பெண் இருக்கிறாள். முத்துக்கு முந்திய உவமையில், நிலத்துக்குள் புதையலைக் கண்டவனே அதை மறுபடி மூடிவைக்கிறான். முத்துக்கு அடுத்தது வலை உவமை. அதில் வலையை இழுக்கிறார்கள், கரையில் உட்காருகிறார்கள், நல்லதைக் கூடையில் போட்டு ஆகாததை எறிகிறார்கள். நம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் பார்க்கிற காட்சிதான். இத்தனை பேர் நடுவே முத்துக்கு மட்டும் உழைத்தவன் இல்லை. சரக்கும் வணிகனும் விலையும்தான் உண்டு.

இதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. கலிலேயாக் கடல் என்பது உண்மையில் நன்னீர் ஏரி. அங்கே வலைக்காரர் உண்டு, முத்துக்குளிப்பவர் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முத்து என்பது எங்கோ தூரதேசத்திலிருந்து மூட்டை கட்டி வருகிற பண்டம். நான்கு நற்செய்திகளில் இந்த உவமையைச் சொல்வது மத்தேயு ஒருவரே. மரபு அவரைச் சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தவர் என்கிறது. சுங்கக்காரர் கண்ணுக்கு வணிகன்தான் முதலில் தெரிவான். துறைமுக ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த உவமையில் விடுபட்டவனை எழுதிச் சேர்க்கும் கடமை, கேட்கிறவர்களுக்கு, அதிலும் இந்தக் கரையில் கேட்கிறவர்களுக்கு உண்டு. அதைச் செய்யாத வேத வாசிப்பு வணிகனுக்கு மட்டும் உதவும்.

2. அதே நூற்றாண்டின் இன்னொரு கிரேக்க ஏடு

மத்தேயு நற்செய்தி நமக்குக் கிடைத்திருப்பது கிரேக்கத்தில். முதல் நூற்றாண்டு நூல். அதே நூற்றாண்டில், அதே கிரேக்கத்தில், இன்னொரு ஏடும் எழுதப்பட்டது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. எகிப்திலிருந்து செங்கடல் வழியாக நம் பக்கம் வந்துபோன வணிகர் என்று கருதுகிறார்கள். அதன் பெயர் ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளஸ்’. எந்தத் துறையில் என்ன வாங்கலாம், என்ன விற்கலாம் என்று சொல்லும் வழிகாட்டி.

அதில் கொல்கை என்ற ஊர் வருகிறது. நம் கொற்கைதான். பாண்டியன் ஆட்சியில் இருப்பது, முத்துக்குளிப்பு நடப்பது என்றெல்லாம் சொல்லிவிட்டு, அங்கே குளிக்கிறவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்.

சங்குகுளிகாரர் கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் பதில் எனக்கு இதுதான். உவமையில் வந்த முத்து கொற்கை முத்து என்று நான் சாதிக்கவில்லை. உவமைக்கு ஊர் கேட்பது அழகில்லை. ஒரே நூற்றாண்டில், ஒரே மொழியில், ஒரு நூல் முத்தின் விலையைச் சொல்கிறது, இன்னொரு நூல் அதை எடுத்தவன் நிலையைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்து வாசித்த பிரசங்கம் எதையும் நான் கேட்டதில்லை.

நம் பக்கத்திலும் குறை உண்டு. சங்கப் பாட்டில் கொற்கை முத்துக்குப் பெருமை குறைவில்லை. வகுப்பில் நானும் மார் தட்டி நடத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் இந்தக் குற்றவாளிகள் பற்றிய வரியைப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. மதிப்பெண்ணுக்கு வராது என்பது ஒரு காரணம். ஊர்ப்பெருமைக்கு இடிக்கும் என்பது இன்னொரு காரணம்.

3. ஆளைக் கல்லாக எண்ணிய கணக்கு

குளிப்பு எப்படி நடந்தது என்று தெரியாத இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். கடைசிச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடந்தது 1961இல். 1955இல் தொடங்கிய வரிசை அதோடு நின்றுபோயிற்று. என் தாத்தா அந்த வரிசையில் மூன்று வருடம் குளித்தவர். அவரிடமும் ஆச்சியிடமும் கேட்டதைச் சொல்கிறேன்.

தோணி விடியுமுன்னே புறப்பட்டுப் பாருக்குப் போகும். பார் என்றால் கடலடியில் சிப்பி ஒட்டிக்கிடக்கும் பாறைத்திட்டு. தோணியில் ஒவ்வொரு குளிகாரனுக்கும் ஒரு கல், இரண்டு கயிறு. கயிற்று வளையத்தில் காலை நுழைத்துக் கல்லின்மேல் நிற்பான். மூச்சை இழுத்து மூக்கைப் பிடித்ததும் மேலே இருப்பவன் கயிற்றை விடுவான். கல் ஆளை அடிக்குக் கொண்டுபோகும். அவன் இறங்கியதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம். கைக்கு அகப்பட்ட சிப்பியை வலைப்பையில் அள்ளுவான். மூச்சு முட்டும்போது மற்றக் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் இழுத்தாகவேண்டும். ஒரு கணம் அசந்தால் போயிற்று.

அதனால்தான் கயிற்றை மச்சானிடம் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். சொத்துக்கு அண்ணன் தம்பி பங்காளி, அவன் அசந்தாலும் அசந்துவிடலாம். மச்சான் அசரமாட்டான், அவன் தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில்தான் இருக்கிறது. தாத்தாவுக்குக் கயிறு பிடித்தவர் ஆச்சியின் அண்ணன்தான். கடைசிக் காலம்வரை வீட்டுக்கு வந்தால் அவருக்குத்தான் முதல் வட்டில்.

இப்போது கணக்கைப் பாருங்கள். டச்சுக்காரர் 1658இல் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் காலத்து ஆவணங்களிலும் பிறகு ஆங்கிலேயர் ஆவணங்களிலும் குளிப்பு உரிமையைக் ‘கல்’ என்ற அலகில்தான் எழுதியிருக்கிறார்கள். மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் என்று மானியம் உண்டு. ஒரு கல் என்றால் ஒரு குளிகாரனின் உழைப்பு. கல்லை எண்ணினால் ஆளை எண்ணியதாக ஆகிவிடும். ஆள் மாறலாம், கல் மாறாது.

கும்பினியார் காலத்துக்குப் பின் வந்த அரசாங்கச் சலாபத்தில் எடுத்த சிப்பியை மூன்றாகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளிகாரருக்கு. அரசாங்கப் பங்கைச் சிப்பியாகவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். வாங்கியவர்கள் கொட்டகையில் குவித்து அழுகவைத்துக் கழுவி முத்தெடுப்பார்கள். குளிகாரனுக்குக் காத்திருக்க வசதி ஏது? தன் பங்கை அன்றே கரையில் விற்றுவிடுவான். எந்தச் சிப்பியில் முத்து, எதில் வெறும் சதை என்று அவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. தெரிகிற நேரத்தில் அவன் அங்கே இருக்கமாட்டான்.

ஆச்சியிடம் ஒருமுறை, “தாத்தா எடுத்த முத்து எதாவது நம்ம வீட்டுல இருந்துச்சா?” என்று கேட்டேன். “முத்தா? அத யாரு கண்டா எய்யா? எனக்கு அந்தச் சிப்பி நாத்தந்தான் தெரியும்” என்றார். ஊரெல்லாம் ஒரு மாதம் அந்த நாற்றம் இருக்குமாம். சாப்பாடு இறங்காதாம்.

இந்த இடத்தில் மார்க்கோ போலோவையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடலைப் பற்றி எழுதியவர். அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாக்களை மந்திரத்தால் கட்டிவைப்பவர்களுக்கு இருபதில் ஒன்று என்று பங்கைக் குறிக்கிறார். அந்தக் கடல்கட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். இலங்கைச் சலாபத்தின் கடல்கட்டித் தலைவர் அப்போது கத்தோலிக்கராக இருந்தார் என்று, இலங்கையைப் பற்றி நூல் எழுதிய டென்னென்ட் என்பவர் 1859இல் குறிப்பிடுகிறார். எந்த மதத்துக்காரராக இருந்தாலும் மந்திரம் பலிக்கும் என்று குளிகாரர்கள் நம்பினார்களாம். அடியில் இறங்குகிறவனுக்கு மத எல்லை மேலே தோணியோடு நின்றுவிடுகிறது போலும்.

4. சரக்குப் பட்டியலின் கடைசி வரி

மத்தேயுவில் விடுபட்டவனை வேதம் முழுவதுமே விட்டுவிட்டதா என்று தேடினேன். விடவில்லை. புதிய ஏற்பாட்டின் கடைசி நூல் திருவெளிப்பாடு. சீர்திருத்தச் சபையார் வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள். அதன் 18ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்ற மாநகர் விழுகிறது. ரோமாபுரியைத்தான் அப்படிக் குறிக்கிறார் என்பது பெரும்பாலோர் கருத்து. நகரம் எரிகிறது, வணிகர்கள் அழுகிறார்கள். நகரத்துக்காக அவர்கள் அழவில்லை. இனித் தங்கள் சரக்கை வாங்க ஆள் இல்லையே என்று அழுகிறார்கள்.

அதன்பின் ஒரு சரக்குப் பட்டியல் வருகிறது. இந்த ஊரில் ஏற்றுமதி அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் அதைப் படித்துப் பார்க்கவேண்டும். அப்படியே கப்பல் சரக்குப் பட்டியல். பொன், வெள்ளி, இரத்தினக்கல், நான்காவதாக முத்து. பிறகு மெல்லிய துணி, பட்டு, தந்தம், வெண்கலம், இரும்பு, பளிங்கு, இலவங்கப்பட்டை, தூபவர்க்கம், திராட்சை மது, எண்ணெய், மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, தேர். எல்லாவற்றுக்கும் கடைசியில் மனித உடல், மனித உயிர்.

பட்டியல் பொன்னில் தொடங்குகிறது. குதிரைக்கும் தேருக்கும் அப்புறம்தான் மனிதன். எழுதியவர் வேண்டுமென்றேதான் மனிதனைக் கடைசியில் வைத்தார் என்று நினைக்கிறேன். பட்டியல் என்பது படித்துக்கொண்டே போனால் கண் மங்கிவிடும் வடிவம். இருபதாவது பொருளுக்கு மேல் யாரும் கவனிக்கமாட்டார்கள். அந்த இடத்தில் அடிக்கிறார்.

ஆக, முத்து வணிகர் இரண்டு பேர் புதிய ஏற்பாட்டில் இருக்கிறார்கள். ஒருவர் தம் சொத்தையெல்லாம் கொடுத்து முத்து வாங்குகிறார். மற்றவர் முத்தையும் மனிதனையும் ஒரே கப்பலில் ஏற்றுகிறார். முதலாமவரைப் பற்றி வருடந்தோறும் பிரசங்கம் கேட்கிறோம். இரண்டாமவரைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன், அதுவும் ஒரு தியானத்தில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அவசரமாக.

இந்தக் கரையிலும் இரண்டாமவர் சாயல் உண்டு. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துகீசியருக்குப் போன வரிப்பணத்தில் ஒரு பகுதி போர்த்துகல் அரசி கத்தரீனாவின் பாதணிச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படியே அதற்குப் பெயர். 1542இல் இங்கே வந்த பிரான்சிஸ் சவேரியார் அந்தப் பணத்தை உபதேசியார்களுக்குக் கொடுக்கும்படி அரசிக்கு எழுதிக் கேட்டார். இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல பாதணி மோட்சத்துக்கு ஏற உங்களுக்குக் கிடைக்காது என்ற பொருளில் எழுதினாராம். அரசி சம்மதித்தார். சவேரியாரைப் பற்றி ஆயிரம் அற்புதக் கதைகள் உண்டு. எனக்கு இந்தக் கடிதம்தான் பிடிக்கும். மூச்சடக்கி எடுத்த சிப்பி எந்தக் காலுக்குச் செருப்பாகிறது என்று கணக்குப் பார்த்து, தலைப்பை மாற்றச் சொன்னாரே, அது வேதம் படித்தவன் செய்கிற காரியம். இங்கிருந்த போர்த்துகீசிய அதிகாரிகள் குளிகாரரை வதைத்ததையும் தம் கடிதங்களில் அவர் கண்டித்திருக்கிறார்.

5. புத்தகம் இல்லாத வேதக்காரர்

நெல்லைச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கு ஒரு பழைய பெயர் வேதக்காரர். இந்தக் கரையின் பரதவர் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றது 1536, 1537 வாக்கில். புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகித் தரங்கம்பாடியில் முழுமை பெற்றது 1715இல், சீகன்பால்கு கையில். நடுவே சுமார் 180 வருடம். அத்தனை காலமும் வேதக்காரர் கையில் அச்சிட்ட நற்செய்தி கிடையாது. அவர்களிடம் பெரும்பாலும் இருந்தது காதால் கேட்டு மனப்பாடம் செய்த செபமும் விசுவாசப் பிரமாணமும்தான்.

அந்த மனப்பாடத்திலும் ஒரு கோளாறு. சவேரியார் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துச் செய்த முதல் தமிழ்ப் பிரமாணத்தில், விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் விழுந்துவிட்டது. பிறகு சவேரியாரே அதைத் திருத்தச் சொல்லி எழுதினார். திருத்தியது சரிதான். இருந்தாலும் கடவுள் வேணும் என்று சில காலம் இந்தக் கரை சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்படியொன்றும் பிழையாகப் படவில்லை.

சவேரியாருக்குப்பின் வந்து தமிழைக் கசடறக் கற்றவர் அண்ட்ரிக் அடிகளார், அதாவது ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது. அதன் பிரதி இன்று ஹார்வர்டில் இருக்கிறது. பிறகு 1586இல் ‘அடியார் வரலாறு’. அது புன்னைக்காயலில் அச்சானது என்று கருதுகிறார்கள். இந்த அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் பரதவர்கள். இந்திய மொழிகளில் வேறெதற்கும் முன்பாகத் தமிழ் அச்சேறியது என்று நாம் பெருமைப்படுகிறோம். சரி, படுவோம். அந்த அச்சுக்கூலியில் சிப்பி விற்ற காசும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுவோம்.

இனி என் வாசிப்பின் நடு இடத்துக்கு வருகிறேன். மனப்பாடம் செய்த அந்தப் பிரமாணத்தில், அடக்கம் செய்யப்பட்ட கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்று ஒரு கூற்று உண்டு. இறையியல் படித்தவர்களுக்கு அது சிக்கலான இடம். அது என்ன பாதாளம், ஏன் இறங்கினார், எத்தனை நேரம் இருந்தார் என்று நூல் நூலாக எழுதியிருக்கிறார்கள். காலில் கல்லோடு அடியில் இறங்கிப் பழகியவன் அதைக் காதால் கேட்டபோது என்ன நினைத்திருப்பான்? விளக்கம் கேட்டிருக்கமாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது. இறங்குவது அவன் அன்றாடம் செய்கிற வேலை.

கடவுள்தான் வணிகர் என்ற பிரசங்கத்தை இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எந்த முத்து வணிகனும் செய்யாத ஒன்றை அந்த வணிகர் செய்கிறார். தாமே இறங்குகிறார். உவமையில் விடுபட்ட குளிகாரன் பிரமாணத்தில் வந்துவிடுகிறான். யோனாவின் இரண்டாம் அதிகாரத்தையும் இதோடு வாசிக்கலாம். கடற்பாசி தலையைச் சுற்றிக்கொண்டது, மலைகளின் அடிவாரம்வரை போனேன் என்று ஒருவன் கதறுகிறான். வேதத்தில் கடலடியிலிருந்து வரும் குரல் அதுதான். அதை எழுதியவர் கடலைக் கரையிலிருந்து பார்த்தவர் என்று என்னால் நம்பமுடியவில்லை.

ஒரு பழக்கத்தையும் கண்டித்துவிடுகிறேன். சிப்பிக்குள் மணல் விழுந்து உறுத்த, அது வலியைப் பொறுத்து முத்தாக்குகிறது, நாமும் துன்பத்தை முத்தாக்குவோம் என்று பேசுவதை நிறுத்தவேண்டும். மணல் அப்படி முத்தாவது மிக அரிது என்கிறார்கள் விலங்கியலார். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1973இல் பக்கத்து வேப்பலோடையில்தான் முத்து வளர்த்துக் காட்டியது. சிப்பியைத் திறந்து, கருமணியையும் வேறொரு சிப்பியின் சதைத்துண்டையும் உள்ளே வைத்தார்கள். அப்படி வளர்ந்த முத்து, சிப்பிக்கு என்ன கிடைத்தது என்று யாரையும் கேட்கவைப்பதில்லை. துன்பப்படுகிறவனிடம் போய் உன் துன்பம் முத்தாகும் என்று சொல்வதும் அந்த வகைதான். முத்து யாருக்குப் போகிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

காயல்பட்டினத்து நண்பர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கடலிலிருந்து முத்தும் பவளமும் வெளிவருவதை இறைவனின் கொடையாகக் குர்ஆன் சொல்கிறது. இந்தக் கடலில் குளித்தவர்களில் உங்கள் முன்னோரும் உண்டு, முத்து விற்றவர்களிலும் உண்டு. உங்கள் வாசிப்பு எப்படிப் போகும் என்று நான் சொல்லக்கூடாது. நீங்கள் எழுதவேண்டும்.

6. கயிறு

முத்துக்குளிப்பு முடிந்து அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டதே, இது பழங்கதைதானே என்று கேட்பீர்கள். இறங்குகிறவர்கள் முடிந்துவிடவில்லை.

திரேஸ்புரத்தில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். கல் போய்விட்டது. வள்ளத்தில் காற்றழுத்த எந்திரம், அதிலிருந்து நீண்ட குழாய், வாயில் கடித்துக்கொண்டு இறங்குவது. மூச்சுக் கணக்கு போய்விட்டதால் வெகுநேரம் அடியில் இருக்கலாம். அதுதான் ஆபத்து. அழுத்தம் குறைய நேரம் கொடுக்காமல் மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக்குமிழ் கட்டிக் கை கால் விளங்காமல் போகும், உயிரும் போகும். எடுத்த சங்கு கல்கத்தாவுக்குப் போய் வங்காளப் பெண்கள் கையில் வளையலாகிறது. மணமான பெண்ணுக்கு அது மங்கலம். தாலிக்கு நாம் கொடுக்கும் மரியாதை அவர்களிடம் சங்குவளைக்கு உண்டு. யாரிடம் வாங்கினோம் என்று அங்கே எந்த வீட்டில் கேட்டிருப்பார்கள்? நம் வீட்டுப் பெண்கள் முத்துமாலை வாங்கியபோது நாமும் கேட்டதில்லை.

இன்னொரு குளிப்பு நம் நகரங்களில் நடக்கிறது. கழிவுநீர்த் தொட்டியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளை இறக்குவதைச் சொல்கிறேன். பெயரிலேயே பாதாளம் இருக்கிறது. அதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 1993க்குப் பிறகு அப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்தவேண்டி வந்ததிலிருந்தே சாவு நிற்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். செய்தியில் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும். முதலில் ஒருவர் இறங்கினார், மயங்கினார், அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார், அவரும் மயங்கினார். அதைப் படிக்கும்போதெல்லாம் என் தாத்தாவின் மச்சான் ஞாபகத்துக்கு வருவார். முத்துக்குளிப்பில் பங்கு அநியாயம், கணக்கு அநியாயம், எல்லாம் அநியாயம். ஆனால் மேலே ஒரு கை இருந்தது. அந்தக் கைக்கும் கீழே இருக்கிறவன் மூச்சுக்கும் உறவு இருந்தது. ஒப்பந்தக்காரரிடம் அந்த உறவை எழுதி வாங்கமுடியவில்லை.

வேதமும் இன்றைய சமூகமும் என்ற தலைப்புக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முத்து வணிகனுக்கு விண்ணரசில் இடம் உண்டு என்று மத்தேயு சொல்கிறார், நான் மறுக்கவில்லை. வாசலில் அவனிடம் யாராவது கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

தாத்தாவின் கல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. துளையிட்ட கல். ஆச்சி ரொம்ப நாள் அதில்தான் ஆட்டைக் கட்டிவைத்திருந்தார். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பையன், “இத வெளிய போட்டுறவா சார்?” என்று கேட்டான். துளையில் விரலை விட்டுத் தூக்கப் பார்த்தேன். என் வயதுக்கு ஒரு முழம்கூட எழும்பவில்லை.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த வருடம் இந்த மேடைக்குத் திரேஸ்புரத்துச் சங்குகுளிகாரர் ஒருவரை அழையுங்கள். உரையை எழுதித் தர அவருக்கு நேரம் இருக்காது. அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்க நான் வருகிறேன். கடலுக்குப் போகாத அந்த ஒரு நாள் கூலியை அவருக்கும், அவருக்குக் குழாய் பிடிக்கிறவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.